இரண்டு கை திறக்கும் மடை: எல்விஎம் இருமுறை எழும்பினால் என்ன ஆகும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லைச் சீமையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் வட்டாரத்துக்குள் வந்தது. அந்த வாரம் பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தின் சர்வரை அணைத்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதன் மேல் படவில்லை. கரண்ட் வந்ததும் கீழே இறக்கி ஆன் செய்தார்கள். எழும்பியது, எல்லா ஃபைலும் இருந்தது, தை மாதக் கல்யாணப் பத்திரிகை வேலைகள் தொடங்கின.

ஒரு வாரம் கழித்து அச்சக உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மழைக்குப் பொறவு செஞ்ச வேலை ஒண்ணையும் நேத்து காணல. மழைக்கு முந்தி இருந்தது மட்டும்தான் கெடந்துச்சு."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனீங்களா அண்ணாச்சி?"

"நேத்து கரண்ட் போயி வந்துச்சு, அப்பதான் காணாமப் போச்சு. சரின்னு நேத்து பூரா ஒக்காந்து நாலு பத்திரிகையைத் திரும்ப அடிச்சோம். இன்னைக்குக் காலையில ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா, போனது பூரா திரும்ப வந்துட்டு. ஆனா நேத்து அடிச்ச நாலும் இல்ல."

ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கெட்ட டிஸ்க் ஃபைலைத் தொலைக்கும், சிதைக்கும், படிக்க மறுக்கும். ஒரு வாரத்தை முழுசாக எடுத்து ஒளித்துவைத்து, மறுநாள் சேதமில்லாமல் திருப்பித் தராது. இப்படி முழுசாகப் போய் முழுசாக வருகிறதென்றால், இரண்டு பிரதிகள் இருக்கின்றன, ஒவ்வொரு முறையும் வேறு பிரதி கண்ணுக்குத் தெரிகிறது என்று பொருள். அந்த சர்வரில் பத்திரிகை ஃபைல்கள் இருந்தவை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும்படி எம்டி என்ற லினக்ஸ் ரெய்டு வசதியால் கண்ணாடிபோலப் பிணைத்திருந்தார்கள். அதன் மேல் எல்விஎம் என்ற வால்யூம் மேனேஜர். பூட் ஆகும்போது இந்த எல்விஎம் இரண்டு முறை எழும்பிக்கொண்டிருந்தது. அதுதான் கோளாறு.

இதை விளங்கிக்கொள்ள, எல்விஎம்மைத் தொடங்குவது என்றால் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். 1998ல் ஹெயின்ஸ் மவுல்ஸ்ஹாகன் லினக்ஸுக்காக இதை எழுதத் தொடங்கினார், ஹெச்பி யூனிக்ஸில் இருந்த வால்யூம் மேனேஜரை முன்மாதிரியாக வைத்து. பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி ஒரே குளம்போல ஆக்குவது, அந்தக் குளத்திலிருந்து வேண்டிய அளவுக்கு வாய்க்கால் பிரித்துக் கொடுப்பது, அவ்வளவுதான் அதன் வேலை. குளத்துக்கு வால்யூம் குரூப் என்றும், பிரிக்கும் வாய்க்காலுக்கு லாஜிக்கல் வால்யூம் என்றும் பெயர்.

பலரும் இதை எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ரோக்ராம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் எல்விஎம் கட்டளை வரும், டிஸ்க்கின் தலைப்பகுதியில் எழுதியிருக்கும் கணக்கைப் படிக்கும், "இந்த வால்யூமின் இந்தப் பகுதி அந்த டிஸ்க்கின் இந்த இடத்தில்" என்று ஒரு வரைபடம் போடும், அதை இயங்குதளத்தின் கருவான கெர்னலிடம் கொடுத்துவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு படிப்பதும் எழுதுவதும் கெர்னலுக்குள் இருக்கும் டிவைஸ் மேப்பரின் பொறுப்பு. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலிலிருந்து ஏற்பாடு இப்படித்தான். நம் ஊர்க் குளத்தில் மடை பார்ப்பவர் காலையில் வந்து திறந்துவிட்டு வயலுக்குப் போய்விடுகிறார் அல்லவா, அதே மாதிரி. தண்ணீர் பாய்வதற்கு அவர் அங்கேயே நிற்க வேண்டியதில்லை.

அப்படியானால் இரண்டாம் முறை அவர் வந்தால்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதே கணக்கைப் படிக்கிறார், அதே வரைபடம் வருகிறது, கெர்னலில் ஏற்கெனவே அது இருக்கிறது, பேசாமல் திரும்பிப் போகிறார். எல்விஎம்மை நாள்தோறும் கையாளும் யாரும் அதன் தொடக்கக் கட்டளையைப் பயமில்லாமல் பத்துத் தடவை அடிப்பார்கள். இரண்டாம் முறை தொடங்குவதில் தவறே இல்லை. முதல் முறை கண்ட உலகமும் இரண்டாம் முறை காணும் உலகமும் வேறுவேறாக இருக்கும்போதுதான் வம்பு வருகிறது. நான் பார்த்த இருமுறைக் கோளாறுகள் எல்லாமே கடைசியில் இந்த ஒரு காரணத்தில்தான் வந்து நின்றிருக்கின்றன.

"ஏற்கெனவே தொடங்கியாயிற்று" என்ற நினைவு எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒன்று டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க் பகுதியின் தொடக்கத்தில், வழக்கமாக இரண்டாவது செக்டரில், எல்விஎம்மின் லேபிள் இருக்கும். 32 எழுத்து கொண்ட ஒரு யுயுஐடி அடையாளம் அதிலே உண்டு. அதையடுத்து சாதாரண எழுத்தில், மனிதர் படிக்கும்படியாகவே, குளத்தின் முழுக் கணக்கும், அந்தக் கணக்கை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் ஒன்று கூடும் வரிசை எண்ணும் இருக்கும். இரண்டாவது நினைவு கெர்னலில் இருக்கும் வரைபடம், மெஷின் அணையும்வரை. மூன்றாவது, புதிய பதிப்புகளில் ரன் அடைவுக்குள் எழுதப்படும் சிறு குறிப்புகள். எந்த டிஸ்க் வந்து சேர்ந்தது, எந்தக் குரூப்பை யார் எழுப்பப் போகிறார்கள் என்று அவை சொல்லும். ஒரே குரூப்பின் நாலு டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் வந்து நின்றாலும், குறிப்பை முதலில் எழுதியவர் மட்டுமே எழுப்புவார். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த வழியாக வருபவர்களுக்குள் மட்டும்தான் செல்லும். கடைசியாகப் பூட்டு ஃபைல்கள். இரண்டு கட்டளைகள் ஒரே நொடியில் மோதாமல் அவை தடுக்கும், அதுவும் ஒரே மெஷினுக்குள். கட்டளை முடிந்ததும் பூட்டும் திறந்துவிடும், பிறகு அதற்கு ஒரு நினைவும் கிடையாது.

இந்த நாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. டிஸ்க்கில் இருக்கும் கணக்கு, "என்னை யாரோ இப்போது திறந்து வைத்திருக்கிறார்கள்" என்று பொதுவாகச் சொல்லாது. இது எல்விஎம்மின் பெரிய பலவீனம் என்றே நினைக்கிறேன். இதே வேலையைச் செய்யும் இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு அமைப்பில், வேறொரு மெஷின் திறந்து வைத்திருந்த குளத்தை இன்னொரு மெஷினில் திறக்கப் போனால், "இது வேறிடத்தில் பயன்பாட்டில் இருக்கலாம்" என்று தடுத்து நிறுத்தும், நாம் வற்புறுத்தினால்தான் திறக்கும். எல்விஎம்மிலும் எந்த மெஷினுக்குச் சொந்தம் என்று பெயர் எழுதி வைக்கும் வசதி உண்டு. நாமாக முனைந்து அதைப் போட வேண்டும், பெரும்பாலான சர்வர்களில் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

அச்சகத்தில் நடந்தது இதுதான். பழைய சர்வர். முன்பு இதே இரண்டு டிஸ்க்கிலிருந்துதான் அது பூட் ஆகும், பிறகு ஒரு சிறிய எஸ்எஸ்டியை வாங்கி இயங்குதளத்தை அதற்கு மாற்றியிருந்தார்கள். இயங்குதளத்தை ஏற்றிவிடும் பழைய பூட் லோடருக்கு வசதியாக இருக்கட்டும் என்று, எம்டி தன் அடையாளத்தை டிஸ்க் பகுதியின் கடைசியில் எழுதும் பழைய வடிவத்தில் அந்தக் கண்ணாடியை அமைத்திருந்தார்கள். அடையாளம் கடைசியில் இருந்தால் முன்பகுதி அப்படியே திறந்து கிடக்கும். தொடக்கத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது ரெய்டின் ஒரு பாதி என்று தெரியாது, நேரே எல்விஎம் லேபிள்தான் கண்ணில் படும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பாதியுமே முழு எல்விஎம் டிஸ்க்காகத் தெரியும்.

இதற்கு மேல், முன்பு அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டவர் பூட்டின் முதல் கட்டத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: எல்லா வால்யூம் குரூப்பையும் எழுப்பு என்று. முதல் கட்டம் என்பது, உண்மையான இயங்குதளம் வருவதற்கு முன் நினைவகத்தில் விரியும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற குட்டி லினக்ஸ். அதற்குள் ரெய்டு பற்றிய விவரம் இல்லை. விளைவு, எம்டி எழும்புவதற்கு முன்பே எல்விஎம் எழும்பி, முதலில் கண்ணில் பட்ட பாதியை நேராகப் பிடித்துக்கொண்டது. பிறகு முழு லினக்ஸ் வந்து எம்டி எழும்பும்போது, ஒரு பாதி "வேறு வேலையில் இருக்கிறது" என்று கிடைக்காது. கிடைத்த மற்றப் பாதியை மட்டும் வைத்து எம்டி எழும்பும். அதன் பின் வழக்கமான இரண்டாவது தொடக்கம் வரும். இப்போது எல்விஎம்முக்கு ஒரே யுயுஐடி இரண்டு இடத்தில் தெரிகிறது, நேரே பிடித்த பாதியில் ஒன்று, எம்டி வழியாக வரும் பாதியில் ஒன்று. எச்சரிக்கை எழுதிவிட்டு, ஏற்கெனவே திறந்திருப்பதையே வைத்துக்கொண்டு போகும். அந்த எச்சரிக்கை லாக்கில் இருந்தது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஏன் மழைக்கு முன் தெரியவில்லை? யுபிஎஸ் புண்ணியத்தில் அந்த சர்வர் மாதக்கணக்காக அணையவே இல்லை. அந்த வரியைச் சேர்த்தபின் முதன்முறையாக முழுசாக அணைந்து எழும்பியது மழைக்குப் பிறகுதான். இதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அணையாமல் ஓடும் மெஷினில் தொடக்கக் கோளாறு வருஷக்கணக்காகத் தூங்கும், கரண்ட் போகும் நாளில்தான் விழிக்கும்.

மழைக்குப் பிந்தைய வாரம் முழுவதும் வேலை முதல் டிஸ்க்கில் மட்டுமே எழுதப்பட்டது. கரண்ட் போய் வந்த அன்று அந்த டிஸ்க்குகள் சுழன்று தயாராகச் சற்று நேரமானது, முதல் கட்ட வரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, எம்டி முந்திக்கொண்டது. எம்டியின் கணக்குப்படி முதல் டிஸ்க் கடந்த வாரம் வேலைக்கே வராத டிஸ்க். எனவே அதை ஒதுக்கிவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்து எழும்பியது. இரண்டாவதில் மழைக்கு முந்தைய நிலைதான் இருந்தது. அன்று திரும்ப அடித்த நாலு பத்திரிகையும் அதில் போய் விழுந்தன. மறுநாள் மீண்டும் எல்விஎம் முந்தியது. காணாமல் போன வாரம் திரும்பி வந்தது.

இங்கே ஒரு படுகுழி இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். எம்டியின் நிலையைப் பார்க்கிற எவரும், "ஒரு டிஸ்க் கழன்று கிடக்கிறது, திரும்பச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்" என்றுதான் முடிவு செய்வார்கள். சேர்த்தால் எம்டி இரண்டாவது டிஸ்க்கை மூலமாக வைத்து முதல் டிஸ்க்கை அழித்து எழுதும். எம்டி ஒவ்வொரு பாதியிலும் ஒரு நிகழ்வு எண் வைத்திருக்கிறது, அது இரண்டாவது டிஸ்க்கில்தான் அதிகமாக இருந்தது. ஆனால் அந்த எண், எம்டியின் கீழ் யார் வேலை பார்த்தார்கள் என்பதை மட்டுமே சொல்லும். எல்விஎம் நேரடியாகப் பிடித்து எழுதிய ஒரு வார வேலை அந்த எண்ணில் ஏறவே இல்லை. எல்விஎம்மின் வரிசை எண்ணும் கைகொடுக்காது. வால்யூமைப் பெரிதாக்கினாலோ புதிதாகப் பிரித்தாலோதான் அது கூடும், உள்ளே ஆயிரம் ஃபைல் எழுதினாலும் கூடாது. இரண்டு பாதியிலும் அதே எண்தான் இருந்தது. எது புதியது என்று எம்டி தவறாகச் சொல்லும், எல்விஎம் சொல்லவே செய்யாது. ஒரு கட்டளையில் தை மாதத்துப் பத்திரிகை அத்தனையும் போயிருக்கும்.

அதனால் இப்படிப்பட்ட இடத்தில் முதலில் செய்ய வேண்டியது எதையும் சரிசெய்யாமல் இருப்பது. எழுதுவதை நிறுத்தி, இரண்டு டிஸ்க்கையும் தனித்தனியாக இமேஜ், அதாவது அப்படியே முழு நகல், எடுத்து வைத்த பிறகுதான் மற்றதெல்லாம். அதிலும் ஒரு கவனம் தேவை. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தைப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தாலும், எழுதப்போவதை முன்கூட்டிக் குறித்து வைக்கும் ஜர்னலில் முடியாமல் நிற்கும் எழுத்தை அது டிஸ்க்கில் எழுதி முடிக்கும். அதைத் தடுக்க ஜர்னலை ஏற்றாதே என்று தனியாகச் சொல்ல வேண்டும், அல்லது சாதனத்தையே எழுத முடியாதபடி பூட்ட வேண்டும்.

இதே கோளாறு வேறு உருவங்களிலும் வரும். மழை, வெள்ளம் என்றாலே இங்கே பலரும் செய்வது, டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குக் குளோன் எடுப்பது. எடுப்பது நல்லதுதான். எடுத்த குளோனை அதே மெஷினில் செருகிய நிலையில் விட்டு ரீபூட் செய்வதில்தான் ஆபத்து. யுயுஐடி முதல் எல்லாம் ஒன்று என்பதால் எது அசல் என்று எல்விஎம்முக்குத் தெரியாது. இரட்டை இருக்கிறது என்று சொல்லி எழுப்ப மறுத்தால் அது நமக்கு நல்ல காலம். குளோனையும் சேர்த்து வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் விஜிஇம்போர்ட்குளோன் என்ற கட்டளை இருக்கிறது, அது குளோனுக்குப் புதிய அடையாளமும் புதிய பெயரும் கொடுத்துவிடும்.

ஒரு மெஷினுக்குள் மென்பொருளாகவே இன்னொரு மெஷினை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் இடங்களில் இன்னொரு வகை. உள்ளே ஓடும் மெஷினின் டிஸ்க், வெளியே இருக்கும் ஹோஸ்டின் ஒரு லாஜிக்கல் வால்யூமாக இருக்கும். ஹோஸ்ட் பூட் ஆகும்போது தன் வால்யூம்களுக்குள்ளும் எட்டிப் பார்த்து, உள் மெஷினின் குளத்தையும் தன்னுடையது என்று எழுப்பிவிடும். பிறகு உள் மெஷினும் அதை எழுப்பும். இந்தத் தொல்லையால்தான் புதிய பதிப்புகளில் ஹோஸ்ட் தன் வால்யூம்களுக்குள் தேடுவது இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. பழைய பதிப்பு ஓடினால், எந்தெந்தச் சாதனத்தைப் பார்க்கலாம் என்று எல்விஎம்முக்குச் சொல்லும் ஃபில்டர் போட வேண்டும். போட்ட ஃபில்டர் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் போக வேண்டுமானால் அதை மறுபடி கட்ட வேண்டும். எல்விஎம் கான்ஃபிக் ஃபைலின் ஒரு நகல் அதற்குள்ளே இருக்கிறது, வெளியே மாற்றியது உள்ளே மாறாது. முதல் தொடக்கம் பழைய ஃபில்டரோடும் இரண்டாம் தொடக்கம் புதிய ஃபில்டரோடும் நடக்கிற சர்வர்கள் நாட்டில் நிறைய இருக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது, ஒரே ஸ்டோரேஜை இரண்டு மெஷின்கள் பார்ப்பது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய் வருகிறது. அதன் ஒரே மடைக்கு இரண்டு பேரை வைத்து, இருவர் கையிலும் தனித்தனி முறைக் கணக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் மெஷினில் ஒரு வால்யூமை நீக்கி, அந்த இடத்தை இன்னொரு வால்யூமுக்குக் கொடுக்கிறோம். டிஸ்க்கில் கணக்கு மாறிவிட்டது. இரண்டாவது மெஷினின் கெர்னலில் பழைய வரைபடம் அப்படியே நிற்கிறது, அதற்கு யாரும் சொல்லவில்லை. அது தன் பழைய வால்யூமில் எழுதுவதாக நினைத்து, இன்னொருவர் தரவின் மேல் எழுதிக்கொண்டே இருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது, இரண்டு பக்கமும் பிழை கிடையாது. ஒரு நாள் ஃபைல் சிஸ்டம் சிதைந்து விழும்போதுதான் தெரியும். கணக்கே மாறாவிட்டாலும், இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்றவற்றை இரண்டு மெஷினில் ஒரே நேரத்தில் எழுதத் திறந்தால் அழிவுதான். அப்படிப் பகிர வேண்டுமானால் எல்விஎம்லாக்டி என்ற பூட்டுச் சேவையும் ஜிஎஃப்எஸ்2 போல அதற்கென்றே எழுதிய ஃபைல் சிஸ்டமும் வேண்டும்.

கோளாறு எதுவென்று கண்டுபிடிக்க, நான் கெர்னலிலிருந்து தொடங்குவேன். டிஸ்க்கில் இருப்பது திட்டம், கெர்னலில் இருப்பதுதான் இப்போது நடப்பது. டிஎம்செட்டப் டேபிள் என்று கேட்டால் ஒவ்வொரு வால்யூமும் உண்மையில் எந்தச் சாதனத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணோடு சொல்லும். அச்சகத்தில் அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது. எம்டியின் எண் வர வேண்டிய இடத்தில் வெறும் டிஸ்க் பகுதியின் எண் நின்றது. எல்எஸ்பிஎல்கே கட்டளையும் இதையே மரம்போல வரைந்து காட்டும். அதன்பின் பூட் லாக்கை எடுத்து, எல்விஎம் எத்தனை முறை, எந்தக் கட்டத்தில், யாரால் கூப்பிடப்பட்டது என்று நேர வரிசையில் பார்க்க வேண்டும். இரண்டு மெஷின் சந்தேகம் என்றால் எல்விஎம்மின் ஆர்க்கைவ் அடைவில் புதையலே கிடக்கிறது. கணக்கைத் திருத்திய ஒவ்வொரு முறைக்கும் பழைய கணக்கின் நகல், எந்தக் கட்டளைக்கு முன், எந்தப் பெயருள்ள மெஷினில், எப்போது என்ற விவரத்தோடு அங்கே இருக்கும். இரு மெஷின்களிலும் உள்ள நகல்களை வரிசை எண்படி அடுக்கிப் பார்த்தால் யார் கை எப்போது மடையைத் தொட்டது என்று தெரிந்துவிடும்.

அச்சகத்தில் இரண்டு டிஸ்க்கையும் ஒரு பெரிய டிஸ்க்குக்கு இமேஜ் எடுத்தோம். யுயுஐடி மோதாமல் இருக்க, ஒரு நேரத்தில் ஒரு இமேஜை மட்டும் திறந்தோம். முதல் டிஸ்க்கின் ஒரு வாரத்தையும், இரண்டாவதில் தனித்துக் கிடந்த நாலு பத்திரிகையையும் ஒன்றாகச் சேர்த்தோம். பெயரும் தேதியும் மோதிய சில ஃபைல்களை அண்ணாச்சியே உட்கார்ந்து திறந்து பார்த்து, எது கடைசித் திருத்தம் என்று சொன்னார். அதை வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது. பிறகு கண்ணாடியைப் புதிதாக, எம்டி அடையாளம் முன்பகுதியில் எழுதப்படும் 1.2 வடிவத்தில் கட்டினோம். இந்த வடிவத்தில் எல்விஎம் லேபிள் டிஸ்க்கின் வாசலில் நிற்காது, எம்டி எழும்பினால்தான் தெரியும். முதல் கட்டத்தில் இருந்த அந்த வரியை எடுத்துவிட்டு, ரெய்டு விவரத்தைச் சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டினோம்.

ஃபைல்களைத் திரும்ப ஏற்றியபின் மூன்று முறை சர்வரை முழுசாக அணைத்து எழுப்பினோம், ஒரு முறை பிளக்கையே பிடுங்கி. ஒவ்வொரு முறையும் டிஎம்செட்டப் டேபிளில் எம்டியின் எண் வந்தது, எம்டி நிலையில் இரண்டு பாதியும் வேலையில் இருக்கின்றன என்று காட்டும் இரண்டு யு எழுத்து நின்றது, லாக்கில் எல்விஎம் ஒரே ஒரு முறை எழும்பியிருந்தது. மூன்றாவது முறை பார்த்த பிறகுதான் இமேஜ் எடுத்த பெரிய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி, அண்ணாச்சி கையில் கொடுத்தேன்.